பாடசாலைத் தோட்டப் பலகையில் விஞ்ஞானப் பெயர்: எப்படி எழுதுவது சரி?

கேள்வி – மலைமுகில், நுவரெலியா
பாடசாலைத் தோட்டத்தில் தேயிலை, சவுக்கு, தோடை, நெலு (குறிஞ்சி இனச் செடி) நான்குக்கும் பெயர்ப்பலகை வைக்கிறோம். பலகை சின்னது, 'சி. சினென்சிஸ்' என்று சுருக்கலாமா? எதைச் சரிவெழுத்தில் போடுவது? வீ.பி. (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த) தேயிலைக்கு 'டிஆர்ஐ 2025' என்ற வர்க்கப் பெயர் எங்கே வரும்?

பதில் 1 – பச்சைக்கொழுந்து
சுருக்க வேண்டாம். தேயிலை கமேலியா சினென்சிஸ், தோடை சிட்ரஸ் × சினென்சிஸ். இரண்டையும் சுருக்கினால் ஒரே 'சி. சினென்சிஸ்'தான் மிஞ்சும். கட்டுரை என்றால் முதல் தடவை முழுப்பெயர், பிறகு சுருக்கம் என்று போகலாம். பலகையைத் தனியாகத்தானே வாசிப்பார்கள்?

ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் சொல்லான சாதிப் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரியது. இரண்டாம் சொல்லான இனப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து, சினென்சிஸ் சீனாவைக் குறித்தாலும்கூட. இரண்டும் சரிவெழுத்தில். கையால் எழுதினால் கீழ்க்கோடு. இரண்டு சொல்லுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுக்காமல் தனித்தனியாகப் போடுங்க. பிள்ளைகள் பரீட்சையில் புள்ளி இழப்பது அதிலேதான். தோடையின் பெருக்கல் குறி கலப்பினத்தைக் காட்டுவது, அதைச் சரிக்காமல் நேராகவே போடுங்க.

வர்க்கப் பெயர் கடைசியில், ஒற்றை மேற்கோளுக்குள், நேர் எழுத்தில்: கமேலியா சினென்சிஸ் 'டிஆர்ஐ 2025'. முன்னால் 'வர்.' போடக் கூடாது. அது அசாமிக்கா மாதிரி தாவரவியல் பேதத்துக்கு உரியது.

பதில் 2 – ஹக்கலைக்காரன்
பெயரிட்டவரையும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. சேர்த்தால் 'கமேலியா சினென்சிஸ் (லி.) குன்ட்ஸே', ஆள் பெயர் நேர் எழுத்து. லின்னேயஸ் 1753இல் தேயா என்ற சாதியில் வைத்ததைக் குன்ட்ஸே பிறகு கமேலியாவுக்கு மாற்றினார். அதனால்தான் முதலில் பெயரிட்ட லின்னேயஸுக்கு ('லி.') அடைப்புக்குறி. அதைத் தூக்கிவிட்டால் பெயரின் வரலாறே பிழையாகிவிடும்.

சவுக்கில் கவனம். நம் தோட்டங்களில் சவுக்கு என்றால் நிழல் மரமான கிரேவில்லியா ரொபஸ்டா. சிங்களத்திலும் சபுக்கு. தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கசுவரினா வந்து உட்காரும். பொதுப்பெயர் இங்கே வழங்குவதாகவே இருக்கட்டும், விஞ்ஞானப் பெயரை மட்டும் மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்க.

நெலுவுக்கு நீலகிரிக் குறிஞ்சியின் 'குந்தியானா'வைப் போடாதீங்க. இங்கே நெலு என்ற ஒரே பெயரில் பல இனங்கள் இருக்கின்றன. இனம் தெரியும்வரை 'ஸ்ட்ரோபிலான்தெஸ் எஸ்பி.' போதும், 'எஸ்பி.' நேர் எழுத்து. பல இனங்களைச் சேர்த்துச் சொன்னால் 'எஸ்பிபி.'. பூத்ததும் கிளையோடு அழுத்திக் காயவைத்துப் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் கேட்கலாம். பூ இல்லாத கிளையை வைத்து இனம் சொல்வது கஷ்டம்.

பதில் 3 – கொழுந்துக்கூடை
தமிழ் எழுத்தைச் சரிக்காதீங்க, கொம்பும் சுழியும் பார்க்கவே சகிக்காது. தமிழில் ஒலிபெயர்த்து எழுதினால் நேராகவே விடுங்க, சரிவு ரோமன் வரிக்கு மட்டும். ஒலிபெயர்ப்பே தேவையில்லை என்பது என் கட்சி, ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க உதவும்.

நம் ஊர் மழைக்கு மார்க்கர் மை நிற்காது. மெல்லிய அலுமினியத் தகட்டை அட்டைமேல் வைத்து, மை தீர்ந்த போல்பொயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதியும். சரிவெழுத்து வராவிட்டால் கீழ்க்கோடு இருக்கவே இருக்கு. மரத்தில் ஆணி அடிக்காமல் தளர்வாகக் கம்பி கட்டுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை தளர்த்தியும் விடணும். இல்லாவிட்டால் சவுக்கு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும்.