300 காப்பி அடிச்சேன், 228 கட்டிலுக்கு அடியில கெடக்கு. பெங்களூர்ல தமிழ் நாவல் எப்படித்தான் விக்கிறது?

மாரிக்குப்பம்_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கே.ஆர்.புரத்துல இருக்கேன், ஐடி சப்போர்ட் வேலை, சொந்த ஊரு கேஜிஎஃப், அதான் கோலார் தங்கவயல். தாத்தா சாம்பியன் ரீஃப்ல சுரங்கத்துக்குள்ள எறங்குனவரு. அவரு சொன்னது, அப்பா சொன்னது, பாட்டி சொல்லாம விட்டது எல்லாம் சேத்து ஒரு நாவலா எழுதிட்டேன். அஞ்சு வருசம் ஆச்சு, பாதி நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து எழுதுனது. மூணு பதிப்பகத்துக்கு அனுப்புனேன், ரெண்டு பேரு பதிலே போடல, ஒருத்தரு ரெண்டு வருசம் வெயிட் பண்ணுங்கன்னாரு. எனக்கு பொறுமை இல்ல, ஒரு செல்ஃப் பப்ளிஷிங் கம்பெனிகிட்ட (பேர் வேணாம் விடுங்க) 52,000 ரூபா பேக்கேஜ் எடுத்தேன். அட்டை, லேஅவுட், ஐஎஸ்பிஎன் (புக்குக்கு குடுக்கற அடையாள நம்பர்), 300 காப்பி, மார்க்கெட்டிங் எல்லாம் சேத்துன்னாங்க. மார்க்கெட்டிங்னா என்னன்னு பாத்தா அவங்க பேஜ்ல ஒரே ஒரு போஸ்ட், 11 லைக், அதுல 4 எங்க சித்தப்பா வீடு.

208 பக்கம், வெல 250. இதுவரைக்கும் 72 போயிருக்கு, அதுலயும் 40 சும்மா குடுத்தது. போன வாரம் வீட்டுக்காரி கூட்டும்போது தொடப்பம் பண்டல்ல இடிச்சு, "இதுக்கு வாடகை யாரு குடுக்கறது"ன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டுதான் கேட்டா ஆனா கேட்டுட்டா. கிண்டில்ல போடவா, இன்ஸ்டால ஆட் குடுக்கவா, கடைல வெக்கவா? ஒரு பக்கம் போட்டோ கீழ போட்டிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க.

டிடிபி_கிழவன்:
தம்பி, விக்கறது அப்புறம், மொதல்ல அந்த போட்டோவ நீங்களே பெருசு பண்ணி பாருங்க. மூணாவது பாரால "தொழிலாளி"ன்னு வர்ற எடத்துல கொம்பு தகரத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் ஒட்டிக்கிட்டிருக்கு. மத்த பாரா எல்லாம் சரியா இருக்கு, இது மட்டும் எங்கயோ இருந்து காப்பி பண்ணி ஒட்டுனது. இன்டிசைன்ல (பக்கம் அமைக்கற சாஃப்ட்வேர்) அந்த பாராவுக்கு நம்ம எழுத்த சரியா அடுக்கற வேர்ல்ட்-ரெடி கம்போசர் போடாம விட்டா இப்படித்தான் வரும். நான் பேஜ்மேக்கர் காலத்துலேந்து இந்த வேலைல இருக்கேன், ஒரு எடத்துல இருந்தா இன்னும் பத்து எடத்துல இருக்கும். ப்ரூஃப் உங்க கைல குடுத்தாங்களா இல்ல பிடிஎஃப் அனுப்பி "ஓகேவா சார்"னு கேட்டாங்களா?

ரெண்டாவது, ஐஎஸ்பிஎன் யாரு பேர்ல இருக்கு? நம்ம நாட்டுல அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி குடுக்குது, எழுத்தாளரே ஆன்லைன்ல அப்ளை பண்ணி வாங்கலாம். அதுக்கு காசு வாங்கியிருந்தா பில்லுல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. கம்பெனி பேர்ல இருந்தா கணக்குக்கு பதிப்பாளர் அவங்கதான், நீங்க இல்ல. அடுத்த பதிப்பு வேற எடத்துல போட்டா புது நம்பர்தான் வாங்கணும். லேஅவுட்டோட ஓப்பன் ஃபைல, அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல, இன்னிக்கே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, வெறும் பிடிஎஃப்ப வெச்சு ஒரு கொம்பு கூட நவுத்த முடியாது.

அப்புறம் ஒண்ணு, 1954 சட்டப்படி பதிப்பாளர் 30 நாளுக்குள்ள கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நாலு எடத்துக்கும் ஒவ்வொரு காப்பி சொந்த செலவுல அனுப்பணும். அனுப்பலன்னா அபராதம் 50 ரூபா வரைக்கும், கூட புக்கோட வெல. அந்த 50 ரூபா உங்க புக்கோட வெலைல அஞ்சுல ஒரு பங்குதான், ஆனாலும் அனுப்புங்க, நாளைக்கு எவனாவது தேடுனா கன்னிமாராலயாவது கெடைக்கும்.

அல்சூர்_ஏரிக்கரை:
கிண்டில் கண்டிப்பா போடுங்க. கேடிபில, அதாவது நாமளே புக்கு போடற அமேசான் சைட்ல, தமிழ் 2016 கடைசிலேந்தே இருக்கு. ஆனா ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருது, அமெரிக்கால இருக்கறவங்க மாதிரி நம்ம அமேசான் இந்தியா சைட்டுக்கு கேடிபி பேப்பர்பேக் அடிச்சு தராது, இங்க ஈபுக் மட்டும்தான், பேப்பர் உங்க பாடு. ராயல்டி 35 இல்லன்னா 70 சதவீதம், இந்தியால விக்கறதுக்கு 70 வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற திட்டத்துல சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்த ஈபுக்க வேற எங்கயும் வெக்கக் கூடாது, உங்க பிளாக்ல கூட. பேப்பர் காப்பிக்கு இந்த கட்டுப்பாடு இல்ல, கட்டிலுக்கு அடியில இருக்கறத தாராளமா வித்துக்கலாம். செலக்ட்ல இருந்தா கிண்டில் அன்லிமிடெட்ல (சந்தா கட்டி படிக்கறது) எத்தன பக்கம் படிக்கறாங்களோ அதுக்கு காசு வரும், அப்புறம் அந்த 90 நாள்ல 5 நாள் இலவசமா குடுக்கலாம். டாக்ஸ் ஃபார்ம்ல பான் நம்பர் போட மறந்துடாதீங்க, அமெரிக்கால விக்கறதுல 30 சதவீதம் புடிச்சுடுவான், போட்டா ஒப்பந்தப்படி 15. கம்பெனி குடுத்த பிடிஎஃப்ப அப்படியே ஏத்தாதீங்க, யூனிகோடு வேர்டு ஃபைல்லேந்து பண்ணுங்க. ஈபுக் உரிமை உங்ககிட்டயே இருக்கான்னு அக்ரிமெண்ட்ட ஒருக்கா படிச்சுட்டு அப்புறம் கை வைங்க.

இன்ஸ்டா ஆட் வேணாம். என் சிறுகதை தொகுப்புக்கு 3,000 ரூபா கட்டுனேன், லைக் கொட்டுச்சு, வித்தது நாலு. கடைல கன்சைன்மெண்ட்டுக்கு, அதாவது வித்தப்புறம் காசுன்னு, வெச்சா 35, 40 சதவீதம் கழிவு கேப்பாங்க, காசும் எப்ப வரும்னு தெரியாது. சர்ச் ஸ்ட்ரீட் புக்கு கடைங்கள்ல முக்காவாசி இங்கிலீஷ்தான். அதுக்கு பதிலா டிசம்பர்ல இங்க தமிழ் புத்தகத் திருவிழா வரும்போது யாராவது தெரிஞ்ச பதிப்பகத்தோட ஸ்டால்ல ஒரு மூலைல 20 காப்பி வைங்க, ஜனவரில சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்கும் அப்படியே அனுப்புங்க. நீங்களே ஸ்டால் எடுக்கற யோசனையெல்லாம் வேணவே வேணாம்.

கோரமண்டல்_ஸ்டேஷன்:
நானும் நம்ம ஊருதான் தம்பி. மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒண்ண யாரும் கேக்கல, உங்க கதைய படிக்கப் போறது யாரு? எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. அப்பாவுக்கு 74, தமிழ் நல்லா படிப்பாரு ஆனா கண்ணு போச்சு, உங்க புக்குல எழுத்து வேற பொடிசா இருக்கு. நான் தமிழ் மீடியத்துல அஞ்சாவது வரைக்கும், எழுத்துக்கூட்டி படிப்பேன். என் பையன் வாய் நெறைய தமிழ் பேசறான், படிச்சது கன்னடமும் இங்கிலீஷும், அவனுக்கு "அ" தெரியாது. பெங்களூர்ல பாதி தமிழ் வீடு இந்த கதிதான், அவங்ககிட்ட போய் 208 பக்கத்த நீட்டுனா பாவம் என்ன பண்ணுவாங்க. கிண்டில் எங்கப்பாவுக்கு ஆவாது.

அப்பா சொல்லச் சொல்ல நான் சுரங்கத் தொழிலாளர் யூனியன் கதைய 64 பக்கத்துல சின்ன புக்கா அடிச்சேன், 200 காப்பி. ரெண்டு மாசம் ஒண்ணும் நவுரல. அப்புறம் சுரங்கத்துல வேல பாத்த பெரியவங்க கூடற கூட்டத்துல சும்மா நாலு பக்கம் படிச்சுக் காட்டுனேன், 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு சுரங்கக் கம்பெனிய மூடுனப்ப எங்க தெரு எப்படி இருந்துச்சுங்கற பக்கம். முடிக்கறதுக்குள்ள ஒருத்தரு எழுந்து "அது அப்படி இல்லப்பா"ன்னு திருத்த ஆரம்பிச்சாரு, இன்னொருத்தரு அவர திருத்துனாரு, ஒரு மணி நேரம் சண்ட. அன்னிக்கு மட்டும் 31 போச்சு. திருத்துனவரு மூணு வாங்குனாரு, பொண்ணுங்களுக்கு குடுக்கவாம்.

நீங்களும் அதையே பண்ணுங்க. நாலு நாலு பக்கமா உங்க கொரல்ல படிச்சு வாட்ஸப்ல விடுங்க, அஞ்சு நிமிசத்துக்கு மேல போகாம. மாரிக்குப்பம் ரயில் வண்டில தெனமும் பெங்களூருக்கு வர்ற கூட்டம் தெரியும்ல, சீட்டாடற கோஷ்டி, கீரை ஆயற அக்காங்க, அத்தன பேருகிட்டயும் ஃபோன் இருக்கு. ஆனா வண்டில கூவி விக்காதீங்க, லைசென்ஸ் இல்லாம வித்தா ரயில்வே சட்டத்துல ஃபைன். கூட வர்றவங்களுக்கு கேக்க வைங்க, வேணும்னா அவங்களே கேப்பாங்க.

மாரிக்குப்பம்_பேரன்:
டிடிபி சார், எண்ணிப் பாத்தேன், கொம்பு 17 எடத்துல தப்பு. ஐஎஸ்பிஎன் அவங்க பேர்லதான். பில்லுல "ஐஎஸ்பிஎன் சேவை 2,500"ன்னு போட்டிருக்கான். ஓப்பன் ஃபைல் கேட்டா தனி சார்ஜாம். விடமாட்டேன்.

கோரமண்டல் அண்ணா, தாத்தா மொத நாள் சுரங்கக் கூண்டுல எறங்கற அத்தியாயத்த படிச்சு சித்தப்பா குரூப்ல போட்டேன், ராத்திரி 11 மணிக்கு ஓசூர்லேந்து யாரோ ஒரு அம்மா பேசுனாங்க, அவங்க வீட்டுக்காரரும் அதே ஷாஃப்ட்டாம். ரெண்டு காப்பி கேக்கறாங்க. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு சேலத்துல தங்கச்சிக்கு. கூரியர் 80 ரூபாங்கறான், 250 ரூபா புக்குக்கு எப்படி கட்டுப்படியாவும்?

அல்சூர்_ஏரிக்கரை:
பழைய ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட்ட 2024 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, இப்ப ஞான் போஸ்ட்னு இருக்கு, 2025 மே 1லேந்து. 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோன்னா 100, ட்ராக்கிங்கும் உண்டு. உள்ள விளம்பரம் இருக்கக் கூடாது, புக்குல அச்சகம் இல்ல பதிப்பகம் பேரு இருக்கணும். நாவல எடுப்பாங்களான்னு கவுண்டர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு ஒட்டுங்க. பபிள் ரேப் சுத்திடாதீங்க, 300 தாண்டிடும்.

மாரிக்குப்பம்_பேரன்:
மளிகைக்கடை தராசுல வெச்சேன். புக்கு 241, பிரவுன் கவரோட 258.