மப்பொன்டின் எண்ணுக்குள் ஓர் எழுத்து: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ரங்கூன் வாசி:

பர்மாவில் இருக்கும் நம் தமிழ் ஆட்கள் வீட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு வெளியே பேசாமல் விடும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மப்பொன்டின், அதாவது அரசு கொடுக்கும் அடையாள அட்டை, எல்லார் பையிலும் இருக்கிறது. பஸ் டிக்கெட்டுக்கும் பரீட்சைப் படிவத்துக்கும் வங்கிக்கும் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறோம். அது எப்படிக் கோர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் மாநில எண்: ரங்கூன் 12, மோல்மேன் 10, பெகு 7. பிறகு டவுன்ஷிப் எழுத்துகள். அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து. கடைசியில்தான் நம்முடைய ஆறு இலக்கம்.

அடைப்புக்குறிக்குள் 'நைங்' என்றால் முழுக் குடிமகன். 'ஏ' என்றால் இணைக் குடிமகன். 'ப்யு' என்றால் குடியுரிமை வழங்கப்பட்டவர். அதற்கேற்ப அட்டையின் நிறம் ரோஸ், நீலம், பச்சை. 1982 குடியுரிமைச் சட்டம் போட்ட பிரிவினை இது. நிறமாவது அட்டையை வெளியே எடுத்தால்தான் தெரியும். எழுத்து அப்படியில்லை. எண்ணை எங்கே எழுதினாலும் கூடவே வந்து நிற்கிறது.

என் கொழுந்தனுக்கு ப்யு. பிறந்தது, படித்தது, கடை வைத்தது எல்லாம் இந்த ஊரில்தான். போனில் பணம் அனுப்பும் கணக்கு ஒன்று தொடங்கப் போனார். கடையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தாள். அட்டை எண் இடம் வந்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பட்டியலில் நைங் மட்டும்தான் இருந்தது. மேலும் கீழும் தள்ளித் தேடினாள், வேறு எழுத்தே இல்லை. "நைங் என்றே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். பொய்யாகப் பதிந்து நாளைக்குப் பணம் முடங்கினால் யாரிடம் போய் நிற்பது? வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். இன்றுவரை அவர் கடை வரவு முழுக்க என் மகன் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வருகிறது.

அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. செயலியை எழுதியவருக்கும் யாரையும் ஒதுக்கும் எண்ணம் இருந்திருக்காது, அவர் நினைவில் நாம் வரவில்லை, அவ்வளவுதான். என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். இங்கே சண்டை போட ஆளே கிடையாது.

இந்த எழுத்து எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் பலருக்குத் தெரியவில்லை. 1823க்கு முன்பே இங்கே குடியிருந்த இனங்களுக்குத்தான் பிறப்பால் குடியுரிமை. 1824இல் ஆங்கிலேயரோடு முதல் போர் தொடங்கியது, அதனால் அந்தக் கோடு. நம் முன்னோரில் பெரும்பாலோர் 1852க்குப் பிறகு, கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பின், நெல் வயலுக்கும் துறைமுகத்துக்கும் செட்டியார் கடைகளுக்கும் கப்பலேறி வந்தவர்கள். அரசு அங்கீகரித்த 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் ஏற்கெனவே குடிமகனாக இருந்தவர் அப்படியே தொடரலாம் என்று ஒரு பிரிவு உண்டு. நம்மில் பலருக்கு ரோஸ் அட்டை கிடைத்தது அதனால்தான்.

ஆக, ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்த இரண்டு தாத்தாக்களில் ஒருவர் சுதந்திரத்துக்குப் பிறகு வரிசையில் நின்று குடிமகனாகப் பதிந்துகொண்டார். இன்னொருவர் எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடிந்ததா இல்லையா என்ற கணக்கு. இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் எந்தப் படிப்பில் சேரலாம் என்பதை அது முடிவு செய்கிறது.

மோல்மேன் பேத்தி:

அக்கா, படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் சொல்கிறேன். பத்தாங் கிளாஸ் பரீட்சையில் மருத்துவத்துக்குப் போதுமான மதிப்பெண் எனக்கு வந்தது. படிவம் வாங்கும் இடத்தில் இருந்த ஐயா மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "சபாஷ்" என்பதுபோல் தலையாட்டினார். பிறகு அட்டை எண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார். ப்யு அட்டைக்குத் தொழிற்படிப்பு கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். விலங்கியலில் சேர்ந்தேன்.

என்னைவிட மோசமானது எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நடந்தது. என் கதை தெரிந்த ஆசிரியை ஒருவர், நல்ல மனசுக்காரர், எங்கள் தெருப் பிள்ளைகளிடம் எட்டாம் வகுப்பிலேயே "கணக்கு இவ்வளவு போதும், கடையைப் பார்த்துக்கொள்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஏமாந்து போகக்கூடாது என்ற அக்கறையில்தான் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நைங் அட்டை. அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. யாரும் சரிபார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தே முடிவு கட்டியாகிவிட்டது.

இப்போது நம் பெரியவர்களே கோயில் திருவிழாவில் உட்கார்ந்து, "நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, வியாபாரம்தான் கைவந்தது" என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. 1960களில் தமிழ்ப் பள்ளிகள் போயின, கடைகள் அரசுடைமையாயின, 1964 மே மாதம் ஐம்பது, நூறு ஜாட் நோட்டுகள் செல்லாது என்றாகி வீட்டில் வைத்திருந்த பணமும் போனது. அத்தனைக்கும் பிறகு இங்கேயே இருந்து மிஞ்சியவர்களின் பிள்ளைகள் நாம். வழியை அடைத்தது யார் என்று மறந்துபோய், அது நம் ரத்தத்தில் இருக்கும் குறை என்று நாமே பேசுகிறோம்.

பெகு தம்பி:

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நைங்தான், அதனால் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அம்மா வீட்டுப் பதிவுக்காக எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினார். லூமியோ (இனம்), மதம் எழுதும் வரியில் அக்காவுக்கு "இந்தியா, இந்து". எனக்கு "இந்தியா + பர்மா, இந்து". தம்பிக்கு "இந்தியா + பர்மா, புத்தம்". மூவரும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். வெவ்வேறு வருஷம், வெவ்வேறு மேசை, அங்கே இருந்தவருக்குத் தோன்றியது. தம்பியைக் கேட்டால், "அப்படியே இருக்கட்டும்ண்ணா, எங்கேயும் கேள்வி வரவில்லை" என்கிறான். அக்காவுக்குப் போகிற இடமெல்லாம் கேள்வி. திருத்தலாமா, அக்காவுடையதை மாற்றலாமா, தம்பியுடையதை மாற்றலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

வாடகை வீடு தேடியதும் இதே கதை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பர்மியப் பெயரைச் சொல்லிப் போனில் பேசினால் "வந்து பாருங்கள்" என்பார்கள். வாசலில் என் நிறத்தைப் பார்த்ததும் வீடு நேற்றே போய்விட்டதாகச் சொல்வார்கள். இதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. இரவு தங்கும் விருந்தாளியைப் பதியும் விதியை 2016இல் எடுத்தார்கள், 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சித்தி ஊரிலிருந்து வந்து ஓர் இரவு படுத்தாலும் வார்டில் அவர் எண்ணைச் சொல்ல வேண்டும். அடைப்புக்குறி அங்கேயும் போகிறது.

கோயில் தாத்தா:

பிள்ளைகளா, நீங்கள் வெளியே பார்த்ததை எழுதினீர்கள். நான் நம் வீட்டுக்குள் நடப்பதை எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண் பார்ப்பது, ஜாதகம் கைமாற்றுவது எல்லாம் என் வழியாகத்தான் நடக்கிறது. முன்பெல்லாம் முதல் கேள்வி எந்த ஊர், என்ன நட்சத்திரம். இப்போது ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்பே "அட்டை என்ன கலர்?" என்று கேட்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகன் என்றால், மற்றவருக்குப் பச்சையாக இருந்தாலும் பிள்ளைக்கு முழுக் குடியுரிமை உண்டு. ஆகவே பச்சை வீட்டார் ரோஸ் வரன் தேடுகிறார்கள், அது நியாயம். ஆனால் ரோஸ் வீட்டார் அதைத் தெரிந்துகொண்டு பச்சைப் பெண்ணிடம் நகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். போன தை மாதம் ஒரு வரன் இதனாலேயே முறிந்தது. அந்தப் பெண் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள், அப்படி ஒரு மருமகள் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும். நகை கேள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையே. அந்த வீட்டுக்கு இனி நான் ஜாதகம் கொண்டுபோவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ரங்கூன் வாசி:

தாத்தா, நீங்கள் எடுத்த முடிவு சரி. உங்கள் மாதிரி ஆட்கள் சொன்னால்தான் அது நிற்கும்.

மோல்மேன் தங்கச்சிக்கு: பெற்றோரில் ஒருவர் ப்யு, மற்றவருடைய தாய் தந்தை இருவருமே ப்யு என்றால்கூடப் பிள்ளைக்கு முழுக் குடியுரிமை சட்டத்தில் உண்டு. உன் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று பார். மேசையில் யாரும் தாங்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். பழைய மூன்று மடிப்பு அடையாள அட்டை, எஃப்.ஆர்.சி. புத்தகம், அதற்குப் பணம் கட்டிய ரசீது, எதையும் செல்லரித்தது என்று தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு ரசீதுதான் என் அண்ணனுக்கு உதவியது. பெகு தம்பி, பிள்ளைக்குப் பத்து வயதில் முதல் அட்டை எடுக்கப் போகும்போது லூமியோ வரியை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், கையெழுத்துக்கு முன்பு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது வருஷக்கணக்காக இழுக்கும்.

தாட்டோன், இன்சேன் பக்கம் யாராவது மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு முழுக் குடியுரிமை கேட்கும் விண்ணப்பத்தை முடித்திருந்தால், என்ன காகிதம் கேட்டார்கள், எத்தனை மாதம் ஆனது என்று எழுதுங்கள். கொழுந்தன் பிள்ளைக்கு அடுத்த வருஷம் பத்து வயது.