ரோடியோ எதிர்ப்புத் துண்டறிக்கை: எதைப் போடலாம்?

கேள்வி: ரோடியோவில் (காளைச் சவாரி, கன்றுக்குக் கயிறு வீசுவது போன்ற அமெரிக்கப் பாணிப் போட்டி) காளையின் விதைப்பையைக் கட்டித்தான் துள்ள வைக்கிறார்கள் என்று எழுதலாமா?

பதில் 1: வேண்டாம், அது தப்பு. ஒரு பட்டைதான் பின்னங்கால்களுக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி இறுக்கப்படுகிறது. அந்த உறுத்தலை உதறத்தான் காளை துள்ளுகிறது. இந்த ஒரு பிழை போதும், மொத்த அறிக்கையையும் தள்ளிவிடுவார்கள்.

பதில் 2: கன்றுக்குக் கயிறு வீசும் போட்டியை முன்வையுங்கள். 100 கிலோவுக்கு மேலான கன்று தலைதெறிக்க ஓடும்போது கழுத்தில் சுருக்கு விழும். கயிற்றின் மறுமுனை, துரத்தி வரும் குதிரையின் சேணத்தில் உள்ள கொம்பு போன்ற பிடியில். குதிரை சட்டென நிற்க, கன்று சுண்டி விழும். கழுத்தும் மூச்சுக்குழாயும்தான் அடிவாங்கும். பிறகு கன்றின் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு 6 விநாடி அவிழக்கூடாது.

பதில் 3: பிரிட்டன் 1934-லேயே இத்தகைய போட்டிகளைத் தடுக்கச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம் வயிற்றுப் பட்டையையும் மின்னதிர்ச்சி தரும் கோலையும் தடுத்தது. முழுத்தடை கிடைக்காத ஊரில் 'பிரேக்அவே' முறையாவது கேளுங்கள்: கயிற்றைச் சேணத்தோடு பிணைக்கும் மெல்லிய நூல், இறுகியதும் அறுந்துவிடும்.