வெயிலில் பதித்த பெரணி வெளிறிப்போனது ஏன்?

கேள்வி:
மெல்லிய பருத்தித் துணியில் சயனோடைப் முறையில் (இரும்பு உப்புகள் பூசிய துணியை வெயிலில் காட்டி நீல நிறப் படம் எடுக்கும் முறை) பெரணி இலைகளைப் பதித்து, அவற்றைச் சுற்றி நூல் வேலை செய்து, சுவரில் தொங்கவிட எண்ணினேன். நடுப்பகல் வெயிலில் கால் மணி நேரம் வைத்து நீரில் அலசியபோது ஆழ்ந்த நீலம் கிடைத்தது. ஆனால், தையல் முடிந்தபின் சலவைத்தூள் கரைத்த நீரில் ஊறவைத்ததும் நீலம் முழுவதும் போய், மஞ்சள் கறைதான் மிஞ்சியது. தவிர, காம்பருகே விளிம்பு துல்லியமாக இருக்க, நுனி மட்டும் புகைபோல் மங்கியிருக்கிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
நிறம் போனதற்குச் சலவைத்தூளே காரணம். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கலந்து பூசிய துணியில் வெயில் பட்டு உருவாகும் பிரஷ்ய நீலம் தண்ணீரில் கரையாது. ஆனால், காரம் பட்டால் சிதைந்துவிடும். சலவைத்தூள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. இனி, காரமில்லாத திரவச் சோப்பைச் சில துளிகள் மட்டும் குளிர்ந்த நீரில் கலந்து அலசுங்கள். பூசுவதற்கு முன்பே புதுத்துணியின் கஞ்சி போகத் துவைத்து, சோப்பு சிறிதும் தங்காதபடி அலசிவிடுவதும் அவசியம்.

மறுமொழி 2:
நுனி துணியோடு படியாமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும்; அந்த இடைவெளியில் ஒளி புகுந்திருக்கிறது. இலையை இரண்டு நாள் கனமான புத்தகத்துக்குள் வைத்து ஈரம் போக அழுத்தி, பதிக்கும்போது மேலே கண்ணாடி வைத்துக் கவ்விகளால் இறுக்குங்கள். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் சயனோடைப் முறையை 1842இல் கண்டறிந்தார். மறு ஆண்டே கடற்பாசிகளைப் பதித்து வெளியிடத் தொடங்கிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸின் படங்களில் மயிரிழை போன்ற கிளைகளும் தெரிகின்றன. இருந்தாலும், ஓரிரு நுனிகளை மங்கலாகவே விடுவது எனக்குப் பிடிக்கும். காற்றில் அசைந்த இலைபோல் இருக்கும்.

மறுமொழி 3:
அந்தத் துணியை எறிந்துவிடாதீர்கள். மஞ்சளாக மிஞ்சியிருப்பது இரும்பு. நன்றாக அலசி, கடுக்காய் ஊறிய நீரிலோ கெட்டியான தேயிலைச் சாற்றிலோ இட்டால், அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கருமை தரும். இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் கறுப்பு என்பது துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலைஞர்கள் காலங்காலமாக அறிந்ததுதான். முதலில் ஓரத்தில் சிறு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஓரத்துண்டு ஒன்றைத் தேயிலைச் சாற்றில் இட்டேன். சுற்றுப்புறம் கரும்பழுப்பாகி, நடுவில் பெரணி வெளிர்தேநீர் நிறத்தில் எழுந்து நிற்கிறது. இதற்கு வெள்ளை நூலைவிடத் துருநிற நூல் பொருந்தும் என்று தோன்றுவதால், பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.