ஏசாவை ஏன் ‘கன்னிங்’ என்றார்கள்?

நெல்லைவாசகி:
1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளையும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்து வருகிறேன். ஆதியாகமம் 25:27-இல் ஏசாவை ஆங்கிலத்தில் ‘கன்னிங் ஹன்டர்’ என்று போட்டிருக்கிறது, தமிழில் அதே இடத்தில் ‘வேட்டையில் வல்லவன்’. ‘அவன் சரியான கன்னிங், பார்த்துப் பழகு’ என்று நாம் சொல்வோமே, எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். ஆனால் கதைப்படி கண் மங்கிய அப்பாவிடம் வேஷம் போட்டு ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போனவன் தம்பி யாக்கோபு. ஏசா பாவம், பசியில் ஒரு வாய் கூழுக்கு, மூத்த மகனுக்குரிய உரிமையான சேஷ்டபுத்திரபாகத்தையே விற்றுவிட்டு நிற்கிறவன். ஏமாந்தவனைப் போய் ஏன் கன்னிங் என்கிறார்கள்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எப்போது கெட்ட அர்த்தம் ஏறியது?

பழஞ்சொல்:
நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது, அறிதல் என்று பொருள். அதன் வழியில் பிறந்ததுதான் கன்னிங், நேராகச் சொன்னால் ‘அறிந்திருக்கிற’. இன்று முடியும் என்ற பொருளில் வருகிற ‘கேன்’ கூட அதே வினைதான். இது நமக்கு எளிதில் பிடிபடும், ‘அவளுக்கு நீச்சல் தெரியும்’ என்றால் நீந்த முடியும் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தெரியும் என்பதற்கு இன்னமும் ‘கென்’ என்கிறார்கள், ஜெர்மனில் ‘கெனன்’. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் ‘ஞா’ என்ற வேரும் கிரேக்கத்தின் ‘க்னோசிஸ்’ என்பதும் இதே குடும்பம். ஆக, நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துப் புழங்கும் ஞானமும் இங்கிலாந்துக்காரரின் கன்னிங்கும் தூரத்துச் சொந்தம்.

14-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் பாராட்டாகத்தான் புழங்கியது: கற்றவர், கை தேர்ந்தவர். உங்கள் கையில் இருக்கிற பைபிளிலேயே சங்கீதம் 137:5-ஐப் பாருங்கள். ‘என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக’ என்று தமிழில் இருக்கும், அந்தத் ‘தொழில்’ நிற்கிற இடத்தில் ஆங்கிலத்தில் கன்னிங்தான் நிற்கிறது. 1 சாமுவேல் 16:18-இல் தாவீது ‘வாசிப்பதில் தேறினவன்’, அங்கேயும் கன்னிங். யாழ் மீட்டுகிற விரலுக்குள் இருக்கிற பயிற்சி, அதுதான் இந்தச் சொல். தமிழாக்கியவர்கள் ஏசாவை வல்லவன் என்று எழுதியது ரொம்பச் சரி.

மெய்ப்புநோக்கி:
மேலே சொன்னது சரி, ஆனால் 1611-இல் கெட்ட அர்த்தமே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். அதே பைபிளில் எபேசியர் 4:14-க்குப் போங்கள். மனிதரின் சூது, வஞ்சிக்கிற தந்திரம் என்று வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்லைட்’, ‘கன்னிங் கிராஃப்டினெஸ்’ என்று அடுக்கியிருக்கிறார்கள். அதாவது ஒரே புத்தகத்துக்குள் இரண்டு அர்த்தமும் உயிரோடு இருக்கின்றன. ஆதியாகமம் 3-இல் ஏவாளை ஏமாற்றிய பாம்புக்கு மட்டும் கன்னிங் போடாமல் ‘சட்டில்’, அதாவது தந்திரமுள்ள, என்று வேறு சொல் போட்டார்கள்.

எபேசியரில் கூட வந்த ‘கிராஃப்ட்’டின் கதையையும் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்று பொருள், ஜெர்மனில் ‘கிராஃப்ட்’ என்றால் இன்றும் வலிமைதான். ஆங்கிலத்தில் அது கைத்திறனாகி, ‘கிராஃப்டி’ ஆனதும் ஏமாற்று வித்தையாகிவிட்டது. 1625 பதிப்புக் கட்டுரைத் தொகுப்பில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் கன்னிங்கைக் கோணலான அறிவு என்றே வரையறுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தச் சொல்லை நிமிர்த்த யாராலும் முடியவில்லை.

நெல்லைவாசகி:
இரண்டு பேருக்கும் நன்றி. சரி, திறமைசாலி என்ற சொல்லுக்கு ஏன் இந்தக் கதி? சொல்லைப் புழங்கிய மக்கள் பக்கம் ஏதாவது காரணம் உண்டா?

தேரிக்காடு:
ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைக் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கால இங்கிலாந்துக் கிராமங்களில் ‘கன்னிங் மேன்’, ‘கன்னிங் உமன்’ என்று அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். களவுபோன சாமான் எங்கே என்று சொல்வது, மாட்டுக்கு நோவு வந்தால் மந்திரிப்பது, யாரோ வைத்த செய்வினையை எடுப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பவர் செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுதான். அங்கே கன்னிங் என்றால் விவரம் தெரிந்தவர் என்று மரியாதையான பெயர். ஆனால் 1542-இல், எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சூனியத் தடைச் சட்டம், மந்திரத்தால் திருட்டுப் பொருளைக் கண்டுபிடிப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நமக்குத் தெரியாத ஒன்று இன்னொருவருக்குத் தெரியும் என்றாலே மனிதருக்கு உள்ளூர ஒரு பயம் வரும், அந்தப் பயம்தான் சொல்லின் மேல் படிந்தது என்பது என் கருத்து.

தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் 671 தொடங்குகிறது. அங்கே சூழ்ச்சி என்றால் ஆற அமர ஆராய்ந்து பார்ப்பது, அந்த ஆராய்ச்சியின் முடிவு துணிவு. இன்றைக்கு ஒரு அமைச்சரைப் பார்த்துச் ‘சூழ்ச்சியில் வல்லவர்’ என்று எழுதினால் வழக்குப் போடுவார்.

மணல்மேடு:
இடையில் ஒரு சந்தேகம், தொல்லியல் துறையைத் தொடங்கிய அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் பெயரிலும் இந்தக் கன்னிங்தானா?

பழஞ்சொல்:
இல்லை நண்பரே. ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் கன்னிங்ஹாம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அந்த இடப்பெயர்தான் குடும்பப் பெயராகிவிட்டது. காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

கேட்டவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கதைகளைப் படித்தால் கைக்குழந்தையையும் பூனைக்குட்டியையும் கன்னிங் என்று கொஞ்சுவார்கள். அங்கே அழகாய், துறுதுறுவென்று இருக்கிறது என்று பொருள். இன்று நாம் சொல்கிற ‘க்யூட்’ கூட ‘அக்யூட்’ என்பதன் முன்னெழுத்து உதிர்ந்து வந்ததுதான், முதலில் அதற்குக் கூர்மதி என்று பொருள். அதனால் பழைய ஆங்கிலப் புத்தகத்தில் கன்னிங்கைப் பார்த்தால் முதலில் எந்த ஆண்டு, எந்த நாடு என்று பாருங்கள், அப்புறம் அகராதியைத் திறக்கலாம்.