குத்துச்சண்டைக் கையுறைகள்: ‘சண்டைக் கையுறை’ என்ற சொல் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில், பயிற்சிக்காக இருவர் மோதிப் பழகும்போது அணியும் ‘ஸ்பாரிங் கிளவுஸ்’ என்பதற்குச் ‘சண்டைக் கையுறை’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லழகில் எனக்குக் குறையில்லை. அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் தவறான கையுறையை வாங்கிவிடுவார் என்பதே என் கவலை.

குத்துச்சண்டைக் கையுறைகளை அவுன்ஸ் எடையால் வகைப்படுத்துவது வழக்கம். அந்த எண் ஒற்றைக் கையுறையின் எடை. கடைகளில் ‘சைஸ் 12’ என்று சொன்னாலும் அது கையின் அளவைக் குறிப்பதில்லை. தொழில்முறைப் போட்டிகளில் பெரும்பாலும் வெல்ட்டர் எடைப்பிரிவு (உடல் எடை சுமார் 67 கிலோ) வரை 8 அவுன்சும் அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் 10 அவுன்சும் அணிகிறார்கள். ஆனால் பயிற்சிக்கூடத்தில் இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும்போது, வளர்ந்தவர்களுக்கு 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 454 கிராம் கையுறையையும், உடல் எடை குறைந்தவர்களுக்கு 14 அவுன்சையும் பயிற்சியாளர்கள் பொதுவாக வலியுறுத்துகிறார்கள். கூடுதல் எடையில் பெரும்பகுதி திணிப்பு. அது குத்துபவரின் விரல் எலும்புகளோடு குத்து வாங்குபவரின் முகத்தையும் ஓரளவு காக்கிறது. ‘சண்டைக் கையுறை’ என்று படித்தவருக்கு முதலில் தோன்றுவது போட்டி மேடைதான். அவர் 8 அவுன்ஸ் கையுறையோடு வந்து தோழரின் முகத்தில் குத்தினால், அந்தப் பழியில் நம் பட்டியலுக்கும் பங்குண்டு.

ஆகவே பயன்பாட்டைக் கொண்டே பெயரிடலாம் என்பது என் கருத்து: போட்டிக்கு அணிவது ‘போட்டிக் கையுறை’, இருவர் பழக அணிவது ‘இணைப்பயிற்சிக் கையுறை’, தொங்கவிட்ட மூட்டையைக் குத்த அணிவது ‘மூட்டைக் கையுறை’. மூன்றாவதைத் தனியாகப் பிரிப்பதற்கு வலுவான காரணம் உண்டு. கனமான மூட்டையை நாள்தோறும் குத்தக் குத்தத் திணிப்பு அமுங்கி இறுகிவிடும்; வெளித்தோல் புதிதாகவே தெரியும், உள்ளே பஞ்சின் தன்மை போயிருக்கும். அப்படிப்பட்ட கையுறையோடு எவரையும் எதிர்கொள்ளக் கூடாது. இயன்றவர்கள் இரண்டு இணை வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி:

ஐயா, ‘சண்டைக் கையுறை’யை விலக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘இணைப்பயிற்சி’ என்ற சொல் போதாது. பயிற்சியாளர் இரு கைகளிலும் மெத்தைகளை ஏந்தி நிற்க, மாணவர் அவற்றைக் குத்திப் பழகுவதும் இருவர் இணைந்து செய்வதுதானே? அதற்கு 16 அவுன்ஸ் தேவையில்லை. 10, 12 அவுன்சிலேயே பலரும் பழகுகிறார்கள். எனவே ‘மோதற்பயிற்சிக் கையுறை’ என்று வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் ஏந்தும் மெத்தைக்குக் ‘குத்தேந்தி’ என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கையுறைக்குள் சுற்றிக்கொள்ளும் நீண்ட துணிக்குப் பட்டியலில் சொல்லே இல்லை. வளர்ந்தவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது 180 அங்குலம், சுமார் நாலரை மீட்டர். மணிக்கட்டையும் புறங்கை எலும்புகளையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான். சுண்டுவிரலை ஒட்டிய புறங்கை எலும்பு முறிவது குத்துபவர்களுக்கு நேரும் நன்கறிந்த காயம் என்பதால் இதை விட்டுவிட முடியாது. ‘கைக்கட்டு’ என்றால் காயக்கட்டு என்று எண்ணிவிடக்கூடும். ‘கைச்சுற்றுத் துணி’ தெளிவாக இருக்கிறது. அதைச் சுற்றிய பிறகே கையுறையை அணிந்து பார்த்து வாங்க வேண்டும்; வெறுங்கையில் சரியாக இருப்பது துணியோடு சேரும்போது விரலை நெரிக்கும்.

மறுமொழி:

‘மோதற்பயிற்சி’, ‘குத்தேந்தி’, ‘கைச்சுற்றுத் துணி’ மூன்றையும் மகிழ்வோடு ஏற்கிறேன். பிற தற்காப்புக் கலைகளுக்கும் இதே முறை பொருந்தும். தாய்லாந்தின் குத்துச்சண்டைக் கலையான முவாய் தாய் வீரர்கள் எதிராளியின் கழுத்தைப் பற்றவும் உதைக்கும் காலைப் பிடிக்கவும் வேண்டியிருப்பதால் அவர்களுடைய கையுறை உள்ளங்கைப் பக்கம் எளிதில் விரிந்து கொடுக்கும். இதைத் ‘தாய்க் கையுறை’ என்று எழுதினால் அன்னை என்ற பொருள் வந்து விழும். ‘தாய்லாந்துக் கையுறை’ என்றே எழுதலாம். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் அணியும் சுமார் 4 அவுன்ஸ் கையுறை விரல்களை வெளியே விட்டிருப்பது, பிடித்து மடக்குவதற்காக. அதற்கு ‘விரல்திறந்த கையுறை’ பொருந்தும். அதிலேயே 7 அவுன்ஸ் அளவில் திணிப்பு மிகுந்த மோதற்பயிற்சி வகையும் கிடைக்கிறது என்பதைக் குறிப்பில் சேர்ப்போம்.

மணிக்கட்டில் கையுறையை இறுக்கும் ஒட்டுப்பட்டை, கயிறு என்ற இரண்டு சொற்களும் வழக்கிலேயே உள்ளன. புதிதாக எதுவும் வேண்டாம். எடையை அவுன்சிலேயே விட்டு, அருகில் கிராமையும் தரலாம். ‘அளவு’ என்ற தலைப்பை மட்டும் ‘எடை’ என்று திருத்திவிட்டு, வரைவை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.