குண்டல்பேட்டை பூந்தோட்டம் பார்க்கப் போகிறோம், டென்ட் எங்கே போடலாம்?

வணக்கம் மக்களே, ஜூலை கடைசியில் ஈரோட்டிலிருந்து காரில் கிளம்பி சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாகக் குண்டல்பேட்டை போய், சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று திட்டம். நாலு பேர், சொந்த டென்ட், ஒரு சின்ன கேஸ் அடுப்பு.

சிக்கல் ராத்திரிதான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, சாயங்காலத்துக்கு மேல் ஏறுவதாக இல்லை. பந்திப்பூர் சாலையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள், காட்டுக்குள் டென்ட் என்பது பேச்சுக்கே இடமில்லை. அதனால் குண்டல்பேட்டைப் பக்கம் காட்டை ஒட்டாமல், டென்ட் போட அனுமதிக்கிற தோட்டமோ ஹோம்ஸ்டேயோ தெரிந்தால் சொல்லுங்கள். கழிப்பறை கட்டாயம் வேண்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

போன முறை தேதி கணக்குத் தப்பி, நாங்கள் போய் நின்றபோது சூரியகாந்தி எல்லாம் தலை தொங்கி, இதழ் உதிர்ந்து, விதை கறுத்துக் கிடந்தது. சின்னவள் "பூ எங்கப்பா?" என்று கேட்டதை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் இந்த வாரம் அந்தப் பக்கம் போனவர்கள் ஒரு போட்டோ போட்டால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்க விவசாயிகள் இப்போது எவ்வளவு கேட்கிறார்கள்? கொடுப்பதில் வருத்தமில்லை, சில்லறையாக எடுத்துவரத்தான் கேட்கிறேன்.